உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?

என் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் மூடாது. என் தம்பி இதை ஒரு வியாதி என்பான். என் கணவர் எதுவும் சொல்லமாட்டார். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பால்கனிப் பக்கம் நழுவிவிடுவார். பெற்றவள் பெருமையடிக்காமல் வேறு யார் அடிப்பார்கள், எதிர்வீட்டுக்காரியா? அவளுக்குத் தன் பிள்ளையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவே நேரம் போதவில்லை. அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இது பெருமையடிக்கிற கதைதான். பிடிக்காதவர்கள் பால்கனிக்குப் போகலாம், அங்கே இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது.

என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். லிப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது என் வேலை. சிரிக்காதீர்கள். லிப்ட்டுக்குள் மணிப் படம் போட்ட மஞ்சள் பட்டன் ஒன்று இருக்குமே, அதை அமுக்கினால் எங்கேயோ மணி அடிக்கும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அது அடிப்பது என் காதில். எந்தக் கட்டடம், எந்த லிப்ட் என்பதெல்லாம் என் எதிரே திரையில் வந்துவிடும். மெக்கானிக்கைக் கிளப்பி அனுப்புவது பெரிய காரியமில்லை. அவர் வந்து கதவைத் திறக்கிறவரை உள்ளே இருப்பவர்களைப் பதறாமல் பார்த்துக்கொள்வதுதான் காரியம்.

அதற்கென்று எங்களுக்குச் சில கட்டுத்திட்டங்கள் உண்டு. ‘பயப்படாதீங்க’ என்று சொல்லவே கூடாது. அதுவரை தைரியமாக இருந்தவன்கூட, ஓஹோ, பயப்பட ஏதோ இருக்கிறது போல என்று அப்போதுதான் பயப்படத் தொடங்குவான். ‘இதோ வந்துடுவாங்க’ என்று நேரம் சொல்லக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிட வேண்டும். கதவு திறந்து கடைசி ஆள் வெளியே கால் வைக்கும்வரை லைனை வைக்கக் கூடாது. நமக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தாலும் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? இதை ஏன் கேட்கச் சொல்கிறார்கள் என்பதற்குக் கம்பெனி பாரம், காற்று என்று ஏதேதோ காரணம் சொல்லும். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. காட்டுக்கத்தலாகக் கத்துகிறவன் இந்தக் கேள்வியைக் கேட்டதும் எண்ணுவதற்காகத் தலையைத் திருப்புவான். திருப்பினால்தான், மூலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணில் படும். அத்தோடு குரல் இறங்கிவிடும். ஒருமுறை ஒருவர் தொண்டை கிழியக் கத்திவிட்டு, “நான் ஒருத்தன்தாங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கூடைக்குள்ள பூனை ஒண்ணு இருக்கு, அதையும் சேக்கணுமா?” என்று கேட்டார். சேர்த்துக்கொண்டேன். கதவு திறக்கும்வரை நாங்கள் பூனையைப் பற்றித்தான் பேசினோம்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது கம்பெனி எங்களை வீட்டிலிருந்தே பேச விட்டிருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பேன், துணி மடிப்பேன், யாரோ ஒருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இவளுக்குத் தலை வாரிவிடுவேன். இவள் தன் பொம்மைகளைத் துணி அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். “உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?” என்று என் குரலிலேயே கேட்பாள். பிறகு பொம்மைகளுக்காகத் தானே பதில் சொல்லிக்கொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். “லைன்ல இருக்கேன்மா, வைக்கக் கூடாது” என்பாள். சொன்னதைச் சொல்வதால் கிளி என்று பெயர் வைத்தோம். இன்றைக்கும் வீட்டில் கிளிதான்.

அந்தக் கிளிக்கு டாக்டராக வேண்டும். யாரும் சொல்லி வந்த ஆசை இல்லை. அவள் அப்பா டைல்ஸ் போடுகிறவர், நான் லிப்ட். மார்க் அள்ளிக்கொண்டு வந்தாள். ஆனால் அவள் கேட்ட மருத்துவக் கல்லூரியில் மார்க் மட்டும் போதாது. நேர்முகத் தேர்வு என்று ஒன்று வைத்து ஆளையும் பார்ப்பார்கள். ஒரு இடத்துக்குப் பதினைந்து பேர் போட்டி போடுவார்கள். போன வருடம் போனாள், காத்திருப்போர் வரிசையில் வைத்தார்கள், காத்திருந்தாள், அவ்வளவுதான். ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு தலையை வாரிக்கொண்டு வெளியே வந்து, “இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. இந்த வருஷமும் இல்லைன்னா லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போயிடறேன். அதுக்கப்புறம் டாக்டர்ங்கற பேச்சையே எடுக்க மாட்டேன்” என்றாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

இங்கேதான் என் தம்பி நுழைகிறான். அவன் மெடிக்கல் ரெப். பையும் டையுமாக டாக்டர்களின் அறை வாசலில் காத்துக் காத்தே பாதி ஆயுளைக் கழித்தவன். அதனால் டாக்டர்கள் என்றால் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. போன வருடம் அவன் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தான். தான் பக்கத்தில் இல்லாததால்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று அவனுக்கு உறுதியான நம்பிக்கை.

“இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்” என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் கிளி. கேள்வியும் அவனே கேட்பான், பதிலும் அவனே சொல்வான், பிறகு அந்தப் பதிலைப் பாராட்டுவதும் அவனே.

“நோயாளி பதட்டமா இருக்காரு. முதல்ல என்ன சொல்லுவே?”

கிளி யோசித்தாள்.

“யோசிக்கவே கூடாது. லேசா சிரிச்சு, ‘பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்’. எங்க, சொல்லு.”

“பயப்…” என்று தொடங்கி என்னைப் பார்த்தாள். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. ஹெட்செட்டில் அந்த வார்த்தையைச் சொன்ன புதுப்பெண் ஒருத்தியை நான் போனிலேயே வறுத்தெடுத்ததைக் கேட்டு வளர்ந்தவள்.

“டேய், அப்படிச் சொன்னா…” என்று நான் ஆரம்பித்தேன்.

“அக்கா, இது லிப்ட் இல்ல. ஆஸ்பத்திரி.”

அடுத்த வாரம் என் வேலைக்கே வேட்டு வைத்தான். “அம்மா என்ன செய்யறாங்கன்னு கேட்டா, அவசரகாலத் தகவல் தொடர்பு அதிகாரின்னு சொல்லு.”

“ஏண்டா, லிப்ட்டுன்னு சொன்னா அவளுக்கு வாய் கோணிக்குமா?”

“கோவப்படாதக்கா. அங்க வர்றதுல பாதிப் பேருக்கு அப்பாவும் டாக்டர், அம்மாவும் டாக்டர். நம்ம பொண்ணும் நாலு பேர் மாதிரி நிக்கணும்னுதான் சொல்றேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவசரகாலமாம், அதிகாரியாம். நான் அதிகாரம் செய்கிற ஒரே ஆள் பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் கிளியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி, மாமா சொல்றபடியே சொல்லு” என்றேன். அன்று பாத்திரம் துலக்கியபோது ஒரு டம்ளர் நெளிந்துபோனது.

நேர்முகத் தேர்வு நாள் அன்று நாங்கள் நாலு பேரும் போனோம். கல்லூரியின் நீண்ட வராந்தாவில் ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள். தரை துடைத்த மருந்து வாடை இன்னும் போகவில்லை. எங்களுக்கு எதிரே ஒரு அப்பா தன் மகனைக் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார். அந்தப் பையனுக்கு உதடு காய்ந்து, அவரிடம் தண்ணீர் கேட்கக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். என் தம்பி பார்வையாலேயே என்னைத் திட்டினான், எதிராளிக்குத் தண்ணீர் கொடுக்கிறேனாம்.

என் கணவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலால் ஒரு ஓரத்தைத் தேய்த்தார். அன்று முழுவதும் அவர் பேசியது இவ்வளவுதான். “லெவல் எடுக்காம ஒட்டியிருக்காங்க. தண்ணி தேங்கும்.”

கிளியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வாரிக் கட்டிய தலை, நடுங்காத மாதிரி நடை. என் பெண் எழுந்து போகிற அழகைப் பார்த்துக்கொண்டே நானும் பாதி எழுந்துவிட்டேன். உள்ளே ஐந்து அறைகள் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வோர் அறைக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். மணி அடித்தால் விட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். மணிச் சத்தம் வராந்தாவரை கேட்டது. ஒவ்வொரு மணிக்கும் என் தம்பி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். நாலாவது மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன், அத்தனை தூரத்தில் ஆள் அடையாளம் தெரியவில்லை. கதவுகள் திறந்தன, பிள்ளைகள் ஓடினார்கள், கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. அதற்குள் இருந்தது என் மகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கண்காணிப்பாளர் போய் அந்தக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பி வந்தார்.

கடைசியில் வெளியே வந்தவள் எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த டீக்கடையின் பின் பெஞ்சுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்ததும், “கெடுத்துட்டேன்மா” என்று அழ ஆரம்பித்தாள்.

அழுகைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதல் மூன்று அறைகளும் பழுதில்லை. மாமா சொன்னபடியே அம்மாவுக்கு அதிகாரிப் பதவியும் கொடுத்தாயிற்று. நாலாவது அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளில் இப்படி எழுதியிருந்ததாம்: உள்ளே இருப்பவரின் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது, சொன்ன நேரத்தைத் தாண்டிவிட்டது, காரணம் உங்களுக்குத் தெரியாது, அவரிடம் பேசுங்கள். உள்ளே நாற்காலியில் ஒருவர். கணவனாக நடிக்க அழைத்து வந்தவர். மூலையில் மார்க் போடுகிற இரண்டு டாக்டர்கள், ஒரு அம்மா, ஒரு ஐயா.

“நான் உள்ள போனதும் அவரு கத்த ஆரம்பிச்சுட்டாரும்மா. ‘எத்தனை தடவை கேக்கறது, யாராவது வாயைத் திறந்து சொல்லுங்க’ன்னு. நடிப்புன்னு தெரியுது. ஆனா அந்தக் கத்தல் எனக்குத் தெரிஞ்ச கத்தல்மா. மாமா சொல்லிக் கொடுத்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவே இல்ல.”

“வேற என்னடி சொன்னே?”

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். “உள்ள எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டுட்டேன்.”

என் தம்பி கையில் இருந்த டீ கால்சட்டையில் கொட்டியது.

“ஒரே ஒரு ஆளு உக்காந்திருக்காரு!” என்றாள் கிளி. “அவர்கிட்ட போய் எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்கறேன்! அவரு அறையைச் சுத்தி ஒரு தடவை பாத்தாரு. அந்த ஐயா டாக்டர் சிரிப்பை அடக்க முடியாம இருமினாரு. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்தது. அப்பறம், ‘அதில்லைங்க, உங்ககூட யாரெல்லாம் வந்திருக்காங்க’ன்னு மாத்திக் கேட்டேன்.”

அந்த மனிதர் கத்துவதை நிறுத்திவிட்டாராம். அவருக்குக் கொடுத்த வசனத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை போலிருக்கிறது. பிறகு, “பையன் வந்திருக்கான். வெளிய கார்ல தூங்கறான். எழுந்தா அம்மா எங்கன்னு கேப்பான்” என்றாராம். இவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு நிஜமாவே தெரியாதுங்க. தெரிஞ்சவங்க வந்து சொல்ற வரைக்கும் நான் உங்ககூடவே இருக்கேன். பையன் பேரு என்ன?” என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அவர் கத்தவே இல்லை. அந்தப் பையனைப் பற்றித்தான் பேச்சு.

“சரி, சமாளிச்சுட்டேல்ல? அப்பறம் என்ன?” என்றான் தம்பி.

“மணி அடிச்சது.”

“அடிச்சா?”

“நான் எழுந்திருக்கல.”

தம்பி காலி டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

“வாக்கு குடுத்துட்டேனே மாமா! யாராவது வந்து சொல்ற வரைக்கும் இருப்பேன்னு. அந்த டாக்டரம்மா, ‘டைம் முடிஞ்சது, நீங்க போகலாம்’னாங்க. நான், ‘இவர்கிட்ட யாராவது வந்து சொல்லட்டும் மேடம், போயிடறேன்’னு சொன்னேன். மறுபடி போகச் சொன்னாங்க. எனக்குக் கால் வரல. கடைசியில அந்தம்மாவே பேனாவை வெச்சுட்டு எழுந்து வந்து, அவர்கிட்ட, ‘ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. உங்க மனைவி கண் முழிச்சுட்டாங்க’ன்னு சொன்னாங்க. அதுக்கப்பறம்தான் எழுந்தேன். அதுக்குள்ள அஞ்சாவது ரூம்ல பாதி நேரம் போயிடுச்சு. அங்க என்ன பேசினேன்னே ஞாபகம் இல்ல.”

“மணி அடிச்சா எழுந்திருக்கத் தெரியாதா உனக்கு?” என்று தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் குரலே உடைந்துவிட்டது. பாவம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவனும்தானே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினான்.

“இன்னொண்ணும் கெடுத்துட்டேன்” என்றாள் கிளி, என்னைப் பார்க்காமல். “கதவுகிட்ட போனப்போ, ‘இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க’ன்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. எனக்கு மாமா சொன்னது மறந்துபோச்சு. ‘எங்கம்மா லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்களோட பேசறவங்க மேடம். கதவு திறக்கற வரைக்கும் லைனை வைக்க மாட்டாங்க’ன்னு சொல்லிட்டேன். முதல் ரூம்ல ஒண்ணு சொல்லி நாலாவது ரூம்ல ஒண்ணு சொன்னா என்ன நினைப்பாங்க?”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஒரு அறை, அதில் இரண்டு பெரிய டாக்டர்கள், அவர்கள் எதிரே நின்றுகொண்டு என் பெண் என் வேலையை என் வேலையின் பெயராலேயே சொல்லியிருக்கிறாள். அது போதும் எனக்கு. அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டு, “நீ எதையும் கெடுக்கலடி. எழுந்து ஓடி வந்திருந்தாதான் உன்னை உதைச்சிருப்பேன்” என்றேன்.

“உனக்கென்ன, நீ பெருமைப்பட்டுக்குவே” என்று தோளிலிருந்தே சொன்னாள். “எனக்கு அந்த இடம் வேணும்மா.”

தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். “கிடைக்குமான்னு எனக்குத் தெரியலடி” என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். தம்பிதான், “ஒரு பொய்கூடவா கிடைக்கலக்கா உனக்கு?” என்று என்னைக் கடிந்துகொண்டான்.

அதன் பிறகு காத்திருப்பு. கிளி போன வருடம் மாதிரி கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சான்றிதழ்களை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள். “அதுவும் வெள்ளைக் கோட்டுதான்மா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். எதிர்வீட்டுக்காரி வந்து, “என்னாச்சு உங்க பொண்ணு விஷயம்?” என்று இழுத்தபோது, “நீங்க லிப்ட்ல மாட்டினா சொல்றேன்” என்று கதவைச் சாத்தினேன்.

முடிவு எந்த நாளும் வரலாம் என்றார்கள். இப்போதெல்லாம் ஆபீஸுக்குப் போய்த்தான் பேசுகிறோம், அங்கே வேலை நேரத்தில் சொந்த போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஹெட்செட் காதில் இருக்கும்போது வேறு எதுவும் காதில் விழக் கூடாது என்பது விதி. விதியை மற்றவர்களுக்கு ஓதுகிற சீனியர் நான்தான். அதனால் மீற வழியில்லை. வருகிற அழைப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் லாக்கர் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்று மதியம் அழைப்புகள் குறைவு. டீ கொண்டுவருகிற அம்மா ஒவ்வொரு மேசையாக வந்துகொண்டிருந்தார். அப்போது என் காதில் மணி அடித்தது. திரையைப் பார்த்த பக்கத்து சீட்காரி, “ஐயோ, இது நம்ம பில்டிங்” என்றாள். நம்ம பில்டிங்கேதான். கீழே வரவேற்பறையை ஒட்டிய லிப்ட். லிப்ட் கம்பெனியின் லிப்ட்டே நின்றுபோனால் ஊர் என்ன சொல்லும்? சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

நான் குரலை இறக்கிக்கொண்டேன். “வணக்கம், லிப்ட் உதவி எண்லருந்து பேசறேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?”

“மூணு பேர்ம்மா.”

என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“நான், அப்பா, மாமா” என்றது அந்தக் குரல். “மாமா தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருக்காரு. அதையும் சேக்கணுமா?”

“கிளி, லிப்ட் நின்னுபோச்சா?”

“லிப்ட் நல்லா இருக்கும்மா. செக்யூரிட்டி மேல விடமாட்டேன்னுட்டாரு. உன் போனுக்கு அடிச்சா எடுக்கல. அப்பாதான் மஞ்சள் பட்டனை அமுக்கச் சொன்னாரு.”

அப்பாவா? டீ டம்ளரோடு நழுவுகிற மனிதருக்கா இந்த யோசனை? அவசரத்துக்கு வைத்த பட்டனை விளையாட்டுக்கு அமுக்குகிறவர்களை நான் சும்மா விட்டதே இல்லை. திட்டுவதற்காக வாயைத் திறந்தேன்.

“அம்மா, எனக்கு இடம் கிடைச்சிடுச்சு.”

திறந்த வாய் அப்படியே நின்றது. எத்தனையோ வருடங்களாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், என்னைக் கண்டபடி ஏசுகிறவர்கள், ஒருவரிடம்கூட எனக்குப் பேச்சு வராமல் போனதில்லை. அன்று வரவில்லை. நெஞ்சிலிருந்து என்னவோ கிளம்பி வந்து தொண்டையில் நின்றுகொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. சூப்பர்வைசர், “என்னாச்சு, யாருக்காவது அடிபட்டிருக்கா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டக்கூட வரவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கீபோர்டில் சொட்டியது.

“அம்மா? லைன்ல இருக்கியா?”

இருந்தேன். சொல்லத்தான் முடியவில்லை. லிப்ட்டுக்குள் என் தம்பி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து என் கணவர் யாரிடமோ சொல்வதுபோல, “அந்த வராந்தாவுல பாத்து நடக்கச் சொல்லணும், தண்ணி தேங்கும்” என்றார்.

பிறகு என் மகளின் குரல் மாறியது. அவசரமில்லாமல், தாழ்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக. அது என் குரல்.

“அம்மா. அந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கீங்க?”

ஊரில் உள்ளவர்களை எல்லாம் நான் கேட்ட கேள்வி. என்னை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எண்ணுவதற்காகத் தலையைத் திருப்பினேன். பக்கத்து சீட்காரி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்று போனிலேயே என்னிடம் வறுபட்ட புதுப்பெண், இப்போது அவளும் சீனியர்தான், என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடி மேசையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்திருந்தார்கள். சூப்பர்வைசருக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது, செக்யூரிட்டிக்குப் போன் போட்டு அவர்களை மேலே விடச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் எல்லோரும் எப்போது என்னைச் சுற்றி வந்து நின்றார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. எண்ணினேன். தொண்டையில் இருந்தது மெல்ல இறங்கியது.

“ஒம்பது பேருடி கிளி” என்றேன். “டீ கொண்டுவர்ற அம்மாவோட சேத்து பத்து.”

“எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கோம்.”

“சரி. நாங்க மேல வந்துக்கிட்டே இருக்கோம்” என்றாள். “கதவு திறக்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”